“அந்தமுறை” என்று தொடங்கியவர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆஸ்பத்திரி வாட்டில் எல்லாருக்கும் தெரியும். மனம் கலங்கிய நோயாளியோடு எப்படிக் கதைப்பது என்று தாதிமார் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். கதிரையை இழுத்துப் போட்டு அருகில் இருங்கள், ஆறுதல் சொல்ல அவசரப்படாதீர்கள், முதலில் சொல்ல விடுங்கள் என்றார்கள். நிற்கவே நேரமில்லை, இதில் கதிரை வேறா என்று கடைசி வாங்கில் இருந்துகொண்டு நக்கலடித்தேன்.

அடுத்த கிழமை மல்லாவிப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்து சேர்ந்தார். இடதுகால் சண்டைக் காலத்தில் போனது. பொய்க்காலோடுதான் இத்தனை வருடமும் வயல் செய்தவர். இப்போது நீரிழிவால், அதுதான் சீனி வருத்தத்தால், வலதுகாலில் வந்த புண் அழுகிவிட்டது. காலை எடுக்கவேண்டும், பிந்தினால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் விளக்கிவிட்டுப் போனார். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது என் வேலை.

அவர் பேனையை வாங்கினார், எழுதவில்லை. “மிஸ், அந்தமுறை...” என்று தொடங்கினார். எனக்கு மருந்து கொடுக்கும் நேரம்.

“அண்ணை, உங்களுக்கு இது புதுசே? ஏற்கெனவே பழகினனீங்கள்தானே. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தேன். இழந்து பழகியவர்களுக்கு இன்னொன்றை இழப்பது சுலபம் என்று வன்னியில் நாங்கள் எல்லாரும் நினைத்து வைத்திருக்கிறோம். சுத்த மடத்தனம்.

அவர் ஓம் என்று தலையாட்டிப் பேனையைத் திருப்பித் தந்தார். பின்னேரம், சொந்தப் பொறுப்பில் வீட்டுக்குப் போவதாக எழுதும் கடதாசியில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பிடிவாதக்காரர் என்று திட்டிக்கொண்டே கட்டில் விரிப்பை மாற்றினேன்.

ஆறாம் நாள் காலை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். கிருமி உடம்பெல்லாம் பரவியிருந்தது. படிவத்தை மனைவியிடம் நீட்டினேன். உடனே கையெழுத்துப் போட்டார். ஏன் அக்கா அன்றைக்கு அவர் மாட்டேன் என்றவர் என்று அப்போதுதான் கேட்டேன்.

“மாட்டன் எண்டு சொல்லேல்ல மிஸ். முதல் கால் எங்க போச்செண்டு இண்டைக்கும் தெரியாது. இதையெண்டாலும் எங்கட காணிக்குள்ள புதைக்கத் தருவீங்களோ எண்டு கேக்கத்தான் வாய் திறந்தவர். பழகினவன் இதைக் கேக்கிறதோ எண்டு வெக்கப்பட்டிட்டார்.”

கேட்பவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வாட்டில் வழக்கம்தான். ஓம் அண்ணை, தருவோம் என்று சொல்ல எவ்வளவு நேரம் போயிருக்கும்? என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவரிடம் சொல்லலாம் என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவருக்கு எதுவும் காதில் விழும் நிலை இல்லை.

சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோக முதலே மூச்சு நின்றுவிட்டது. பின்னேரம் வலதுகாலோடுதான் அவரை மல்லாவிக்குக் கொண்டுபோனார்கள்.