தானாக நகர்ந்த அம்பு

தெருவில் அவளுக்கு ஸ்பானர் என்றுதான் பெயர். ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் மெஷின்களைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஸ்பானர் இருக்கும். கணவன் பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவன். விடியுமுன் மாவு பிசையப் போனால் மதியம் வந்து கட்டையைச் சாய்ப்பான்.

கூடத்து மூலையில் லினக்ஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டர். பாகம் பாகமாக வாங்கி அவளே பூட்டியது. அதில் ஓர் அனிமேஷன் படம் செய்துகொண்டிருந்தாள். சர்க்கரைத் துணுக்கைத் தூக்கிக்கொண்டு ஓர் எறும்பு மாடிப்படி ஏறும், அவ்வளவுதான் கதை. ஆனால் வருஷக்கணக்காக ஏறிக்கொண்டிருந்தது. எறும்பு மாடிக்குப் போவதற்குள் நமக்கு முடி நரைத்துவிடும் என்று கணவன் கிண்டலடிப்பான்.

குறும்படப் போட்டி ஒன்றுக்குக் கடைசித் தேதி நெருங்கிய நேரம் பார்த்து, கம்பெனி அவளை வெளியூருக்கு விரட்டியது. புது ஆஸ்பத்திரி, புது மெஷின்கள், மறுக்க முடியாது. கம்ப்யூட்டரையும் தலையில் சுமந்து போக முடியாது. ஆகவே அதன் திரையை வெளியூரிலிருந்தே லேப்டாப்பில் பார்த்து வேலை செய்ய ஏற்பாடு பண்ணினாள். சமையலறையில் உட்கார்ந்து சோதித்தபோது கூடத்துத் திரை கண்ணாடி போல லேப்டாப்பில் வந்து நின்றது. கடைசிக் காட்சியின் படங்களை ஒவ்வொன்றாக வரையும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டு, தெம்பாக பஸ் ஏறினாள்.

போய்ச் சேர்ந்து லேப்டாப்பைத் திறந்தால், வீடு பதிலே சொல்லவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினாள். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தது வீட்டுக்குள்ளேயே நடந்த பேச்சு. இன்டர்நெட் கம்பெனியோ தெரு முழுவதற்கும் ஒரே முகவரியைப் பங்குபோட்டுக் கொடுத்திருந்தது. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

உள்ளிருந்து வெளியே கூப்பிடத் தடையில்லையே என்று தோன்றியதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெளியே சொந்த முகவரியுள்ள ஒரு சர்வர் கம்ப்யூட்டரை வாடகைக்குப் பிடித்தால் போதும். வீட்டுக் கம்ப்யூட்டர் அதைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும், இவள் அதன் வழியே உள்ளே நுழைந்துவிடலாம். மதிய இடைவேளைக்குள் சர்வர் தயார். ஆனால் வீட்டில் அந்தக் கட்டளையைத் தட்ட ஒரு ஆள் வேண்டும். இருந்ததோ ஒரே ஆள். அந்த ஆளும் கம்ப்யூட்டரைத் தூசி தட்டக்கூடத் தொடமாட்டான்.

ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து போன் போட்டாள். தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்த கணவனுக்குக் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். எல்லாம் தட்டி முடித்தான். கம்ப்யூட்டர் முறைத்தது.

"தெரியாத எழுத்துன்னு ஏதோ திட்டுதும்மா."

"ஆர் சின்னதா போட்டீங்களா, பெருசா?"

"சின்னதுதான். நீ சைஸ் சொல்லலையே."

தப்பு தன்மேல்தான் என்று ஒப்புக்கொண்டாள். பெரிய ஆர் போட்டதும் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டது. அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டுகிறான், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துப்போச்சு என்று பதறினான்.

"விழாதுங்க. பாஸ்வேர்டைக் காட்டாது. நம்பி அடிங்க."

அவன் நம்பி அடித்தான். அதே நேரம் அவள் போனில் சார்ஜ் தீர்ந்து பேச்சு அறுந்தது.

ஸ்டோர் ரூமில் சார்ஜர் செருக ஒரு பிளக்கும் இல்லை. ஆஸ்பத்திரி வைஃபையில் இணைத்திருந்த லேப்டாப்பில் மறுபடி தட்டினாள். கறுப்பாக இருந்த திரை ஒரு கணம் மினுக்கி, வெளிச்சமானது. அவள் போட்டு வைத்த நீல நிறம், அவள் கோப்புகள், மூலையில் அவள் எறும்பு! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அங்கே வீட்டில், தொடாத மவுஸின் அம்பு தானாக நகர்வதைப் பார்த்துக் கணவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றானாம். அம்பு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தது. "நான்தான்" என்று எழுத்து விழுந்தது. பிறகு ஒற்றை விரலால் தட்டியது போல, ஒவ்வொன்றாக, ஆங்கில எழுத்தில் வந்தது: "saptiya".

அவள் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட்டேன் என்று அடித்தாள்.

வரைந்து முடிந்த காட்சியை ஓட்டிப் பார்த்தபோது ஒரு பிழை கண்ணில் பட்டது. கடைசிப் படியில் எறும்பின் கால்கள் தரையில் படாமல் காற்றில் நடந்தன. அன்று மாலை வேலை முடிந்ததும் தங்கியிருந்த அறைக்குப் போய்க் காலைத் தரைக்கு இறக்கி, அந்தத் துண்டை மட்டும் திரும்ப வரையவிட்டாள். வீட்டில் கணவன் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து அம்பு போகும் இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் வெற்றுப் பக்கத்தில் யோசனையும் சொன்னான்: சர்க்கரை ரொம்ப வெள்ளை, கொஞ்சம் மங்கலாக்கு. பேக்கரிக்காரன் கண். அவள் மங்கலாக்கினாள், காட்சி நிஜமாகவே எடுப்பானது.

மறுநாள் படம் போட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. பரிசு வேறு யாருக்கோ கிடைத்தது. ஆனாலும் விழாவில் இவள் படத்தையும் திரையிட்டார்கள், ஊர் திரும்பியிருந்த இவளும் கணவனும் போய் உட்கார்ந்தார்கள். எறும்பு கடைசிப் படியில் தடுமாறியபோது அரங்கம் மொத்தமும் "அய்யோ" என்றது. கணவன் இருட்டில் அவள் கையை நசுக்கிவிட்டான்.

"அந்தச் சர்க்கரை கலர் நான் சொன்னது" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னான். அவர் யாரென்றே இருவருக்கும் தெரியாது.