கொல்லைக் கதவு வெயிலில் அக்கா

எங்கள் வீட்டில் வாசல் கதவும் கொல்லைக் கதவும் நேருக்கு நேர் இருக்கும். கொல்லைக்குப் பின்னால் பாகூர்ப் பக்கத்து வழக்கப்படி கரும்பு. மாசியில் கரும்பை வெட்டியதும் மேற்கே மறைப்பு போய்விடும். சாயங்காலம் நாலரைக்குக் கதவைத் திறந்தால் வெயில் கூடத்தைத் தாண்டி வாசற்படி வரை வந்து படுத்துக்கொள்ளும். வருஷா வருஷம் வருகிற வெயில்தான். அந்த வருஷம் என்னிடம் கேமரா இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய கேமரா வாங்கி மூன்று மாதம். அதற்குள் நான் கலைஞனாகிவிட்டேன். வெளிச்சத்தை ஆளின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் முடியோரம் தங்கமாக மின்னும் என்று யூடியூபில் ஒருவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகக் கொல்லைக்குப் போய்வர முடியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அப்பா உள்ளே நுழைந்தால், "அங்கயே நில்லுப்பா" என்பேன். காலி வாளியோடு நிற்பார். காய்ந்த துணியை அள்ளிவரும் அம்மாவையும் விட்டதில்லை. படங்களில் துணி தெளிவாக வந்தது. முகம் கரிக்கட்டை.

"இன்னாடா இது, அடுப்புல வுட்டு எடுத்த மாரி?" என்றாள் அம்மா.

"இதுக்குப் பேரு கலைம்மா."

அப்பா ஒரு படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது நானா, நம்ம வேப்பமரமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

இதில் அதிகம் மாட்டியது அக்கா. என்னைவிட இரண்டு வயது பெரியவள், அரியூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். கறுப்பு. எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டோம். மாநிறம் என்போம், கொஞ்சம் தைரியம் வந்தால் புதுநிறம் என்போம். அவளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோம். ஜாதகம் பொருந்தும். போட்டோ போகும். அதன்பிறகு போன் வராது. குற்றம் போட்டோவின் மேல்தான் என்று அம்மா முடிவு கட்டினாள். நான் எடுத்த ஒன்றை அனுப்பிப் பார்த்தோம். "வெயில் நல்லா இருக்கு, பொண்ணு எங்க?" என்று புரோக்கர் கேட்டார்.

பிறகு அம்மா அக்காவை வில்லியனூர் ரோட்டில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனாள். அந்த ஆள் கம்ப்யூட்டரில் அக்காவுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். புருவத்துக்கு மேலே இருந்த ஒரு தழும்பையும் கேட்காமலே அழித்திருந்தார்.

அந்தப் படத்துக்குக் கடலூரிலிருந்து உடனே பதில் வந்தது. மாப்பிள்ளையும் லேப் வேலைதான். இரண்டு முறை போனில் பேசினார்கள். "நல்லா பேசறாருடா" என்று அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். சற்றுப் பொறுத்து, "என்கிட்ட பேசறாரோ, அந்தப் போட்டோல இருக்கறவகிட்ட பேசறாரோ" என்றாள். எத்தனையோ ஜாதகம் வந்து போயிருக்கிறது. அவள் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள். அன்று ராத்திரி அம்மா என் கேமராவை வாங்கி, கரிக்கட்டைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இந்த வெளிச்சத்துல கலரு தெரியாதுல்ல?"

"தெரியாது."

"ஓரமெல்லாம் தங்கமா இருக்கும்?"

"இருக்கும்."

"அப்ப அவங்கள நாலரைக்கு வரச் சொல்லு."

என் கலைக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம் பிடித்துக்கொள்ளும். வெயிலும் வேண்டும், ராகுவும் கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமை. நாற்காலிகளைக் கொல்லைக் கதவைப் பார்த்து நானே போட்டேன். அக்கா எங்கே நிற்கவேண்டும் என்று தரையில் சாக்பீஸால் ஒரு கோடும் கிழித்தேன்.

வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அப்பா. அக்கா காபித் தட்டோடு கோட்டில் வந்து நின்றாள். முடியோரம் தங்கமாக எரிந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு டம்ளருக்குக் கை நீட்டி முறுக்குத் தட்டைப் பிடித்தார். அந்த அம்மாள் தூரத்து பஸ்ஸின் போர்டைப் படிப்பதுபோல நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

"பொண்ணு வந்துட்டுதா?"

"இதோ நிக்குதுங்களே" என்றாள் அம்மா.

"கதவக் கொஞ்சம் சாத்துங்களேன், கண்ணு கூசுது."

"சாத்தினா காத்து வராதுங்க."

அக்கா தட்டை ஸ்டூலில் வைத்தாள். கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். டியூப் லைட்டைப் போட்டுவிட்டு வந்து அவர்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

"இதாங்க நானு. போட்டோல இருக்கறது ஸ்டூடியோல செஞ்சது."

அந்த அம்மாள் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். போனில் நன்றாகப் பேசிய மாப்பிள்ளை டம்ளரை விட்டுத் தலை தூக்கவே இல்லை. போய்த் தகவல் சொல்கிறோம் என்றார்கள். ஏற்கெனவே பத்துக்கு எட்டு பொருத்தம் பார்த்த ஜாதகம், கடலூர் போய்ச் சேர்வதற்குள் பொருந்தாமல் போயிற்று.

அவர்கள் கார் திரும்பியதும் அம்மா அழுதாள், அப்பா மாட்டைப் பார்க்கப் போனார். அக்கா கொல்லைக் கதவைத் திறந்தாள். கொஞ்சம் வெயில் மிச்சம் இருந்தது.

"இப்ப ஒண்ணு எடுடா."

நான் பழக்கதோஷத்தில் முடியோரத்தைப் பார்த்துக் கேமராவைத் திருகினேன்.

"முடிய வுடு. வெளிச்சம் எப்படிப் போனா இன்னா, என் மூஞ்சி தெரியணும்."

முகத்துக்கு வெளிச்ச அளவு வைத்து எடுத்தேன். பின்னால் கரும்புக்கட்டை, மாடு, அப்பா, சூரியன் எல்லாம் வெள்ளையாக வெந்து போயின. யூடியூப்காரர் பார்த்தால் காறித் துப்புவார். ஆனால் அக்கா இருந்தாள். அவள் நிறம், கலங்கின கண், இடது புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு. சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் பின்னால் வைத்துக்கொண்டு விழுந்தபோது பட்டது. ஸ்டூடியோக்காரர் அதைச் சுண்ணாம்பில் மறைத்தார், நான் கரியில் மறைத்தேன். இடதா வலதா என்பதையே அன்றுதான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"இனிமே இதத்தான் அனுப்பணும்" என்றாள்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதப் பாத்து எவன்டி வருவான்?" என்றாள்.

"வர்றவன் வரட்டும். அவன் எப்ப வந்தாலும் சரி, நாலரைக்குத்தான் வரணும்னு இல்ல."