சிவப்பு வயரும் கறுப்பு வயரும்

அப்பாவின் மொரிஸ் மைனர் காலி வீதியில் எந்தெந்த இடத்தில் நிற்கும் என்று வெள்ளவத்தைக் கடைக்காரருக்கெல்லாம் தெரியும். காரணம் பொயின்ற்ஸ். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் தொட்டுத் தொட்டு விலகி எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் இரண்டு சின்னத் துண்டுகள். கரி பிடித்தால் கார் படுத்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் எலக்ட்ரோனிக் சாமானைப் பூட்டலாம் என்று மாமா போனில் படம் காட்டினார். மாமா அம்மாவின் தம்பி, பல்கலைக்கழகம் புகுவதற்கான ஏ.எல். சோதனையை இரண்டு தரம் எடுத்துக் களைத்து எங்கள் வீட்டில் இருந்தார். சரியாகப் பூட்டிக் காட்டினால், பாமன்கடையில் கராஜ் வைத்திருக்கும் தன் சிநேகிதரிடம் வேலைக்குச் சேர்த்துவிடுவதாக அப்பா சொன்னார்.

எனக்கு ஒன்பது வயது. இங்கிலிஷ் மீடியம் என்பதால், புதுச் சாமான் வந்த பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்துச் சொல்லும் உத்தியோகம் எனக்கு. முதல் பக்கம் முழுக்க எச்சரிக்கைகள். அலுப்படித்தது. படம் போட்ட இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கினேன். நான் சொல்லச் சொல்ல மாமா சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் பூட்டிச் சாவியைத் திருப்பினார். 'சிக்' என்றொரு சத்தம், பிறகு பிளாஸ்ரிக் கருகிய மணம். புதுச் சாமான் அவ்வளவுதான்.

இப்போது நானே பழைய கார்களுக்கு வயர் இழுக்கிறேன். அந்த முதல் பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று தெரியும்: பற்றரியின் மைனஸைப் பொடியோடு, அதாவது காரின் இரும்பு உடலோடு, பூட்டிய கார்களுக்கு மட்டும். எங்கள் காரிலோ பழைய வழக்கப்படி பிளஸ்தான் பொடியோடு இருந்தது; அதனால்தான் கருகியது. அன்று மாமா தாளை வாங்கி அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். என்னை ஒருதரம் பார்த்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"சாமான் பிழை போல, பிள்ளை. அப்பாட்டைச் சொல்லிப்போடாதை."

நம்பினேன்.

பிறகு அவர் பழைய பொயின்ற்ஸைத் தேய்த்து, இடைவெளியைத் தகடு வைத்து அளந்து, ஆறு தரம் கழற்றி ஏழாம் தரம் பூட்டினார். சிவப்பையும் கறுப்பையும் ஒன்றிலும் தொடுக்காமல் மூடிக்கு வெளியே அழகாகக் கட்டிவிட்டார். பார்வைக்கு எலக்ட்ரோனிக். அப்பா பம்பலப்பிட்டி வரைக்கும் போய் வந்தார். கார் ஓரிடத்திலும் நிற்கவில்லை. வந்து போன எல்லாரிடமும் மச்சான் பூட்டிய எலக்ட்ரோனிக்கைப் பற்றி அளந்தார். மாமா நிமிராமல் சாப்பிட்டார். கராஜில் வேலையும் சரிவந்தது.

மாமா வேலைக்குப் போவதற்கு முதல்நாள் காலை அப்பா காரின் முன்பக்கப் பொனற்றைத் திறந்தார். நான் ஓடிப்போய், எலக்ட்ரோனிக்கைத் திறந்தால் ஷொக் அடிக்கும் என்றேன். சிரித்துக்கொண்டே மூடியைக் கழற்றினார். உள்ளே பொயின்ற்ஸ். அப்பா திடுக்கிடவில்லை, முன்பும் பார்த்தவர் போலக் குனிந்து ரசித்தார்.

"என்ன கச்சிதமா வைச்சிருக்கிறான். எனக்கு இத்தனை வருசத்தில இப்பிடி வரேல்லை."

"அப்ப, உங்களுக்குத் தெரியும் எண்டு மாமாட்டைச் சொல்லட்டே?"

"வேண்டாம். அவன் நாளைக்கு வேலைக்குப் போகோணும்."

மூடியைப் பூட்டிவிட்டு, சிவப்பு வயரை இன்னும் கொஞ்சம் வெளியே தெரியும்படி இழுத்துவிட்டார்.

ஒரே விஷயத்தை இருவரும் ஒருவருக்கொருவர் மறைக்க, காவல் வேலை எனக்கு. ஒரு சொல்லில் முடிகிற காரியத்துக்கு வளர்ந்தவர்கள் ஏன் இப்படிப் பாடுபடுகிறார்கள்? அம்மாவுக்குப் பயத்தில்தான் அப்பா வாய் திறக்கவில்லை என்று முடிவு கட்டினேன். மறுநாள் மாமா புதுச் சட்டையோடு படியிறங்கிப் போனபோது, அப்பாவைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.