முதல் பொன்னாடை

ஒரு மனுசனின் தாடை உடைவது காதுக்குக் கேட்பதற்கு முதல் கைக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது. மூன்று நாளைக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் அது என் உள்ளங்கையில் இருந்தது.

ஒஸ்லோவில் இத்தனை வருடம் பஸ் ஓட்டுகிறேன், ஒரு பயணியை முறைத்ததுகூட இல்லை. ஆனால் தம்பியைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அவனைக் குளத்துக்குள் தள்ளியவனின் முன்பல்லைக் கழற்றினேன். தம்பி ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே, "விடண்ணா, பாவம்" என்றான். அவ்வளவு சாது.

அந்தச் சாதுதான் கனடாவில் மாகாண சட்டசபைக்குப் போனான். முதலில் கல்விச் சபைக்கு நின்று தோற்றான். பிறகு உறைபனியில் வீடு வீடாகக் கதவு தட்டினான், சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்தான், மாவுக்கட்டோடு கைகுலுக்கி வென்றான். பின்வரிசையில் இருந்து ஆஸ்பத்திரிக் கட்டில், பஸ் கட்டணம் என்று பேசினான். இரண்டாவது தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, என்னோடு இங்கே இருந்த அம்மா செத்துப்போனார். அவன் வரவில்லை. நான்தான், "வராதை, நான் பாக்கிறன்" என்றேன். பெட்டிக்கு மேலே போனைப் பிடித்து அம்மாவின் முகத்தைக் காட்டினேன். அவன் அழுதான். பிறகு வென்றான்.

மூன்றாவது முறை வென்றால் மந்திரிப் பதவி என்று பேச்சு. ஆனால் அங்கே தொகுதியின் கட்சி அங்கத்தவர்கள் கூடி வாக்குப் போட்டுத்தான் முதலில் வேட்பாளரைத் தெரிவு செய்வார்கள். இந்த முறை போட்டிக்கு இன்னொருவரும் நின்றார். தெரிவுக்கு இரண்டு மாதம் இருக்கையில் தம்பி இரண்டு நாள் இங்கே வந்தான். எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் மண்டபம் எடுத்துப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள், மேடை ஒழுங்கை என்னிடம் விட்டார்கள்.

இனி நான் செய்த மடைத்தனத்தைச் சொல்கிறேன். எங்கள் கூட்டங்களில் முதல் பொன்னாடை போர்த்துகிறவர்தான் படத்தில் வருவார். ஐந்தாவது ஆளைக் கமராக்காரன் திரும்பியும் பார்க்கமாட்டான். மோர்டென்ஸ்ருட் தமிழ்ச் சங்கத் தலைவர் போன் எடுத்து, "அண்ணை, முதல் பொன்னாடை எங்கடை" என்றார். ஓம் என்றேன். அரை மணித்தியாலம் கழித்துப் பக்கத்து நகரமான திராமனின் சங்கத் தலைவர் எடுத்து அதையே கேட்டார். அவருக்கும் ஓம் என்றேன். மேடையில் எப்படியும் சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

மத்தியானம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பொன்னாடையோடு ஏறினார்கள். ஒருவர் தம்பியின் இடது தோளில் போட, மற்றவர் அதை இழுத்தெறிந்தார். "எடடா கையை!" என்று ஒரு குரல். கீழே கதிரைகள் சரிந்தன. யாரோ குத்துவிளக்கை உதைத்து எண்ணெய் மேடையெல்லாம் ஓடியது. ஒருவரின் மூக்கில் குத்து விழுந்தது, பிள்ளைகள் வீரிட்டார்கள். திராமன் தலைவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார்:

"பெத்த தாயின்ரை செத்தவீட்டுக்கு வராதவர், பொன்னாடைக்கு வந்திட்டார்!"

அது உண்மை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. மைக் ஸ்டாண்டைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தேன். மைக் விழுந்து கீச்சென்று அலறியது. தடுமாறியவரைத் தம்பி பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தான். நான் மறுபடியும் அடித்தேன். அதில்தான் தாடை போனது. இரத்தம் பொன்னாடையின் சரிகையில் தெறித்தது.

பொலிஸ் வருவதற்கு முதல் வீடியோ கனடாவுக்குப் போய்விட்டது. தம்பி அவரை விலக்கினானா, எனக்கு அடிக்க வசதியாகப் பிடித்தானா என்று ஊரெல்லாம் கேட்டார்கள். கட்சியும் கேட்டது. விலக்கினேன் என்றான். நானும் பொலிசிடம் அப்படியே எழுதிக் கொடுத்தேன். சத்தியமாக நான் அதை நம்பினேன். எறும்புக்கு வழிவிடுகிறவன் அல்லவா?

இந்த நாட்டில் அடித்தவனையும் அடிவாங்கியவரையும் ஒரு மேசையில் இருத்தி மத்தியஸ்தம் செய்வார்கள். தெரிவுக்கு ஒரு கிழமை இருக்கையில் எங்களைக் கூப்பிட்டார்கள். நடுவில் ஒரு நோர்வேப் பெண். எதிரே அவர், தாடையைக் கம்பியால் கட்டி, ஸ்ட்ரோவால் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டினார். பிறகு ஒரு கடதாசியில் தமிழில் எழுதி என் பக்கம் தள்ளினார்.

"உங்கடை தம்பி என்னை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, அடி அண்ணா எண்டவர். மைக் கத்தினதிலை உங்களுக்குக் கேட்டிராது."

அந்தப் பெண் என்னிடம், "என்ன எழுதியிருக்கிறார்?" என்று கேட்டாள். "மன்னிச்சிட்டாராம்" என்று நோர்வே மொழியில் சொன்னேன். அவருக்கும் அந்த மொழி தெரியும். என்னையே பார்த்தார். மறுத்துத் தலையசைக்கவில்லை. கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். சீ, எனக்கு வெட்கமாக இருந்தது!

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் எடுத்தேன். "டேய், அந்த மனுசனைப் பிடிச்சுக்கொண்டு என்ன சொன்னனீ?"

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அவன் அம்மாவைக் கதைச்சவன் அண்ணா. எனக்கு ஆத்திரம் தாங்கேல்லை."

"அதைச் சொல்லன். எல்லாருக்கும் சொல்லன்."

"ஞாயிறு தெரிவு முடியட்டும். நீ தனியத்தான் அடிச்சதெண்டே இருக்கட்டுமே. உன்னை எல்லாருக்கும் தெரியும்தானே."

போனைச் சுவரில் எறிந்தேன். அது சிதறியது. பிறகு அதே சுவரில் தோல் கிழியும்வரை குத்தினேன். மனைவி ஓடிவந்து கையைப் பிடித்துத் தண்ணீருக்குக் கீழே வைத்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடியும்வரை அவள் கையை விடவில்லை.

அடுத்த நாள் காலை பொலிசுக்குப் போய், அந்தக் கடதாசியில் இருந்ததையும் தம்பி போனில் சொன்னதையும் சொல்லி வாக்குமூலத்தை மாற்றினேன். செய்தி அன்றே கனடாவுக்கு எட்டியது. ஞாயிற்றுக்கிழமை வாக்குச்சீட்டில் அவன் பெயர் இருக்கவில்லை.

இப்போது அவன் என்னோடு கதைப்பதில்லை. சரியானதைத்தான் செய்தாய் என்று ஆட்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கென்ன, சொல்வார்கள். சின்ன வயதில்கூட ஒருநாளும் அவனுக்கு நான் கை ஓங்கியதில்லை.