கதவைப் பிடித்து நின்றவள்

மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்குள் இறங்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும். அதனால் கேகாலைப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் எல்லாரும் மழையைத் திட்டுவார்கள்; நான் மட்டும் மழை வர வேண்டிக்கொள்வேன். அன்றைக்குத்தான் அக்கா வீட்டில் இருப்பாள். சனி, ஞாயிறில் பெய்துவிட்டால் நாள் முழுக்கக் கதைதான்.

டவுன் சிங்களப் பள்ளிக்கூடத்து நூலகத்திலிருந்து நான் கொண்டுவந்த மாயாஜாலக் கதை அது. மொத்தம் ஆறு பாகம். அக்காவுக்குச் சிங்களப் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. வாசிக்க மட்டும் தெரியாது. அம்மா இறந்ததும் எட்டாம் வகுப்போடு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டு, பால் வெட்டப் போய் என்னைப் படிக்கவைத்தவள் அவள். நான் சிங்களத்தில் வாசித்துத் தமிழில் சொல்வேன்.

கதையில் வருகிறவர்களுக்கெல்லாம் தோட்டத்தில் ஆள் பிடித்து வைத்திருந்தோம். ஊர்வம்பு சுமக்கும் காகம், லயத்தில் அடுத்த காம்பிரா வீட்டு மாமி. நிழல் ராணி, ஆபீஸ் பெரிய கிளாக்கர். அவருடைய மீசை எங்களுக்கு ஒரு தடையாகவே தெரியவில்லை. தொட்டதற்கெல்லாம் அழும் குட்டி இளவரசன் யாரென்றால், நான் பெண்பிள்ளை என்றும் பாராமல் அக்கா என்னைக் காட்டுவாள்.

ஆனால் அவள் உயிரையே வைத்திருந்தது ஒருத்தி மேல்தான். முதல் பாகத்தில் நான்கு பிள்ளைகள் மலைக்குள் ஒரு கதவைக் கண்டுபிடிக்கிறார்கள். யாராவது பிடித்துக்கொண்டு நிற்காவிட்டால் அது மூடிவிடும். மூத்தவள் பிடித்துக்கொள்கிறாள், மற்ற மூவரும் உள்ளே போகிறார்கள். அதற்குப் பிறகு அவளைப் பற்றிப் பாகத்துக்கு இரண்டு வரி வந்தால் அதிகம்.

"அவ எப்பப் புள்ள உள்ள போவா?" என்று அக்கா ஒவ்வொரு பாகத்திலும் கேட்பாள்.

அவள் கடைசிவரை போகவில்லை. எழுதிய ஆள் அவளை மறந்தேவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் தீரவில்லை. ஆறாம் பாகம் முடிந்த அன்று அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தைப் புரட்டுவதுபோல் பாசாங்கு செய்து, தங்கச்சி தம்பிகள் திரும்பி வந்து, கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுத்து, அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதாகச் சொன்னேன். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் படித்து முடித்தேன். இரத்தினபுரியில் டீச்சர் வேலை கிடைத்தது. அக்காவையும் அழைத்துக்கொள்வதாக வருஷா வருஷம் சொன்னேன். சொன்னதோடு சரி.

போன மாதம் அக்காவின் மகள் போன் செய்தாள். அவளும் அதே பள்ளிக்கூடத்தில் அதே ஆறு பாகத்தையும் வாசித்து முடித்திருந்தாள்.

"சித்தி, கதவப் புடிச்சிக்கிட்டு நிப்பாளே, அவ உள்ள போறதே இல்லீங்களே? அம்மா ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்க. எனக்கு ஒழுங்கா வாசிக்கத் தெரியலன்னு ஏசுறாங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பின்னால் அக்காவின் குரல்: "சித்தி படிச்சவ. அவ பொய்யா சொல்லுவா? நல்லாக் கேளு."

எவ்வளவு ஆசையாக வாசித்திருப்பாள் அந்தப் பிள்ளை. அவள் வாசிப்பைத் தப்பென்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"நீ வாசிச்சதுதான் சரி. நான்தான் அன்னைக்கு மாத்திச் சொல்லிட்டேன்."

போன் கைமாறியது. அக்கா ஏசுவாள் என்று காத்திருந்தேன். அங்கே தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

"அப்ப அவ இன்னும் வெளியதான் நிக்கிறாளா புள்ள?" என்றாள்.

எனக்கு அழுகைதான் வந்தது.