தாய்மாமன் சீர்

“...கொஞ்சம் தீ காட்டுனா போதும் மச்சான், தூறல்ல தோலு சோந்துபோச்சு. ஒரு பழைய பேப்பரும் நெருப்புப் பெட்டியும் குடுங்க, அப்புறம் பாருங்க எப்படிப் பேசுதுன்னு” என்று மாமா எங்கள் அம்பிட்டிய வீட்டு வாசலில் நின்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தோளில் தப்பு மேளம், கையில் அக்காவின் பூப்புச் சடங்குக்கான சீர்ப் பை. வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். தாய்மாமன் சீர் தப்புச் சத்தத்தோடுதான் வீட்டுக்குள் நுழையவேண்டும். அம்மாவின் சடங்குக்கும் அப்படித்தான் வந்ததாம்.

அப்பாவும் அதே தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர்தான். ஆனால் கண்டிக் கந்தோரில் உத்தியோகம் கிடைத்த நாளிலிருந்து அவருடைய சொந்த ஊர் யாழ்ப்பாணம். ‘ஆமா’ என்ற சொல் எங்கள் வீட்டை விட்டே போய்விட்டது; யாழ்ப்பாணத்தார் போல ‘ஓம்’ என்றுதான் சொல்லவேண்டும், வாய் தவறினால் தொடையில் கிள்ளு. பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அப்பாவை யாரும் குறை சொல்லிவிட முடியாது. இன்று அக்காவின் மகளுக்குத் தப்பு என்றால் என்னவென்று கைபேசியில்தான் காட்டுகிறோம்.

நான் ஓடிப்போய் நெருப்புப் பெட்டியை எடுத்துவந்து மாமாவிடம் கொடுத்தேன். அதற்குள் சடங்குக்கு வந்திருந்த அப்பாவுடைய மேலதிகாரியின் மனைவி வாசலுக்கு வந்துவிட்டார். அவர் அசல் யாழ்ப்பாணம். தப்பையும் மாமாவின் சேற்றுக் காலையும் பார்த்தார்.

“இவர் உங்களுக்கு என்ன முறை?”

அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: “சொந்தமில்லை. தோட்டத்திலயிருந்து எங்களுக்கு மரக்கறி கொண்டுவாறவர்.”

அக்காவுக்கான மாலையைப் பிடித்தபடி கதவோரம் நின்ற அம்மா, மாமாவைப் பார்த்தாள். மாமாவும் அம்மாவைப் பார்த்தார். பிறகு மேலதிகாரியின் மனைவியிடம், “ஆமாங்க, மரக்கறிதான்” என்றார்.

எனக்கோ ஒரே குஷி. மாமா எங்களிடம் எப்போதும் பொய் சொல்லி விளையாட்டுக் காட்டுகிறவர். இன்றைக்குப் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மாமா எப்போது சிரிப்பார், நானும் சேர்ந்து சிரிக்கலாம் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா சீர்ப் பையை வாசற்படியில் வைத்தார். நெருப்புப் பெட்டியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், தப்பைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிச் சாய்த்துவிட்டு, விருந்துச் சமையலுக்கு வந்திருந்தவரிடம் ஒரு கத்தி கேட்டு வாங்கி, மரக்கறிக் குவியலிலிருந்து போஞ்சியை எடுத்து நறுக்க உட்கார்ந்தார்.