கல்முனை பஸ்ஸில் பார்த்த கடைசிப் பக்கம்

எந்த நாவலின் கடைசிப் பக்கத்தையும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை என்ற தீர்மானத்தை இன்று காலை ஏகமனதாக நிறைவேற்றினேன்.

கல்முனை பஸ்ஸில் என் கையில் ஒரு பலஸ்தீனக் குடும்பத்தின் நாவல். பறிபோன வீட்டின் உறுதிப் பத்திரம், தலைமுறை தலைமுறையாகத் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது.

பக்கத்து சீட்டில் மடியில் ஃபைலோடு அக்கா வயதில் ஒரு ராத்தா. "என்ன கதை தம்பி?" என்றார். சொன்னேன்.

"உறுதிய ஏன் ஆம்புளப் புள்ளைக்குக் குடுத்தாங்க? வீடு மகளுக்கெல்லோ?"

எங்கள் ஊர் வழக்கப்படி நியாயமான கேள்வி. பலஸ்தீனத்தின் சார்பில் தலையாட்டினேன்.

ஃபைலில் இருந்தது அவருடைய உம்மாவின் வயலுக்கு அரசாங்கம் கொடுத்த பெர்மிட். வன இலாகாக்காரர்கள் வயலுக்குள் எல்லைக்கல் நட்டு, அது காடு என்கிறார்களாம். பன்னிரண்டு வருடமாகக் காணி அலுவலகத்துக்கு, அதாவது கந்தோருக்கு, போய் வருகிறார்.

"கடைசில அவங்களுக்கு வீடு கெடச்சிச்சா?"

"இன்னும் வாசிச்சு முடியல்ல, ராத்தா."

"பாத்துச் சொல்லுங்களன். நான் எறங்கப் போறன்."

பார்த்தேன்.

"இல்ல ராத்தா. உறுதி இப்ப பேரனிட்ட இரிக்கி."

அவர் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கல்முனையில் இருவரும் இறங்கினோம். கந்தோருக்குப் போகுமுன் ராத்தா போட்டோக் கொப்பிக் கடையில் பெர்மிட்டைக் கொடுத்தார். வழமையாக ஒரு பிரதிதானாம். இன்று மகளுக்கும் ஒன்று எடுத்தார்.